ஜொகூரின் மலையும் ஆறும் மண்ணும்

(பள்ளி மண்டபத்தில் மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஆற்றிய உரை)

 

சில மாதங்களுக்கு முன் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன். "ஆப்பிரிக்காவில் மிக உயரமான மலை எது?" ஒரு மாணவன் சட்டென்று எழுந்து, "கிளிமஞ்சாரோ சார், டான்சானியாவில இருக்கு, 5,895 மீட்டர்" என்றான். எனக்கு மெத்த மகிழ்ச்சி. கைதட்டச் சொன்னேன். பிறகு அதே மாணவனிடம், "சரிப்பா, நம்ம பள்ளிக்குப் பின்னால ஓடுதே, அது என்ன?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "லோங்காங் சார்" என்றான்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போன பிறகு அந்தச் சிரிப்பு எனக்கு நிலைக்கவில்லை. அவன் சொன்ன லோங்காங் ஒரு சிற்றாறு. அது எங்கிருந்து வருகிறது, எங்கே போய்ச் சேருகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நாம்தானே சொல்லிக் கொடுக்கவில்லை? ஆகவே இன்று நாம் வாழும் ஜொகூர் மண்ணின் அமைப்பைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். இதைத் தெரிந்துகொள்வதால் என்ன பயன் என்பதையும் என் சொந்த அனுபவத்தைக் கொண்டு கடைசியில் சொல்கிறேன்.

நாம் இருக்கும் இடம்

நம் மாநிலம் ஏறக்குறைய 19,000 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ளது. பத்து மாவட்டங்கள். வடக்கே மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங் மாநிலங்கள். மற்ற மூன்று பக்கமும் கடல்: மேற்கே மலாக்கா நீரிணை, கிழக்கே தென்சீனக் கடல், தெற்கே ஜொகூர் நீரிணை. பொந்தியான் மாவட்டத்திலுள்ள தஞ்சோங் பியாய்தான் ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனை. உலகப் படத்தில் எத்தனையோ பெரிய நாடுகள் இருக்க, இந்தப் பெருமை நம் மாநிலத்துக்கு வாய்த்திருக்கிறது.

அந்த முனையிலிருந்து பூமத்திய ரேகை சுமார் 140 கிலோமீட்டர்தான். அதே பூமத்திய ரேகைதான் ஆப்பிரிக்காவில் கென்யா, உகாண்டா வழியாகவும் போகிறது. அப்படியானால் அங்கும் இங்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமல்லவா? இல்லையே! கென்யாவின் தலைநகர் நைரோபி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே குளிர்ச்சி. கிளிமஞ்சாரோவின் உச்சியில் பனிக்கட்டியே இருக்கிறது. அந்நாடுகளில் மழையில்லாத மாதங்கள் உண்டு, புல்வெளி உண்டு. இங்கேயோ மூன்று பக்கமும் கடல் சூழ்ந்திருப்பதால் மழைக்குப் பஞ்சமில்லை. ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் பெய்கிறது. நிலம் தாழ்வாக இருப்பதால் ஆண்டு முழுவதும் வெக்கை. ஆகவே ஒரு நாட்டின் தன்மையை ரேகை மட்டும் முடிவு செய்வதில்லை. நிலத்தின் உயரமும், காற்று வரும் திசையும், கடலின் அருகாமையும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

மலைகள்

ஜொகூரில் தொடர்ச்சியான பெரிய மலைத்தொடர் இல்லை. தனித்தனிக் குன்றுகளும் சிறு மலைக் கூட்டங்களும்தான் உண்டு. அவற்றில் உயர்ந்தது தங்காக் பக்கமுள்ள குனோங் லேடாங். உயரம் 1,276 மீட்டர். சுற்றிலும் தாழ்ந்த நிலமாக இருப்பதால், நெடுஞ்சாலையில் போகும்போது அது உள்ள உயரத்தைவிடப் பெரியதாகத் தோன்றும். குளுவாங் பக்கத்திலுள்ள குனோங் பெலுமுட் 1,010 மீட்டர். குளுவாங் நகரத்தை ஒட்டிய குனோங் லம்பாக் 510 மீட்டர். தெற்கே குனோங் பூலாய் 654 மீட்டர். லேடாங்கும் பெலுமுட்டும் கருங்கற்பாறை மலைகள். பூமிக்கடியில் உருகிய பாறைக் குழம்பு மெல்ல ஆறி இறுகி, மேலே இருந்த மண் கோடிக்கணக்கான ஆண்டுகளில் கரைந்துபோன பிறகு வெளியே தெரிவதுதான் இந்தக் கல்.

சிகாமட்டின் கதை வேறு. அங்கே பழங்காலத்து எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் என்னும் பாறை இருக்கிறது. "நம் நாட்டில் எரிமலையா?" என்று கேட்பீர்கள். இன்று இல்லை, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இருந்தது. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24-ஆம் நாள் விடியற்காலையில் அதே சிகாமட் வட்டாரத்தில் 4.1 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். எரிமலைக்கும் அதற்கும் முடிச்சுப் போட வேண்டாம். பூமிக்கடியில் உள்ள பழைய பிளவுகளில் சேர்ந்திருந்த அழுத்தம் விடுபடும்போது இப்படி அதிர்வு வருவதுண்டு. நம் காலடி நிலம் செத்த நிலமல்ல என்பதை அது நமக்கு ஞாபகப்படுத்தியது.

ஆறுகள்

மழை அதிகம், ஆதலால் ஆறுகளும் அதிகம். பெரியவற்றை மட்டும் சொல்கிறேன். நெகிரி செம்பிலானில் பிறந்து, சிகாமட் ஆற்றையும் சேர்த்துக்கொண்டு, மூவார் பட்டணத்தில் மலாக்கா நீரிணையில் கலப்பது மூவார் ஆறு. அந்த ஆற்றின் மேற்பகுதியும் பகாங் ஆற்றின் கிளையும் ஓரிடத்தில் மிக அருகில் வருகின்றன. அக்காலத்து வணிகர்கள் படகுகளைத் தரையில் இழுத்து ஓர் ஆற்றிலிருந்து மற்றோர் ஆற்றுக்குக் கொண்டுபோனார்கள். அதனால் அந்த இடத்துக்குப் பெனாரிக்கான், அதாவது இழுக்கும் இடம் என்றே பெயர். சாலையும் ரயிலும் இல்லாத காலத்தில் மேற்குக் கடலையும் கிழக்குக் கடலையும் இணைத்த வழி அதுதான்.

வடகிழக்கே நமக்கும் பகாங்குக்கும் எல்லையாக ஓடித் தென்சீனக் கடலில் சேர்வது எண்டாவ் ஆறு. மேற்கே பத்து பகாட் ஆறு. தெற்கே, சுமார் 120 கிலோமீட்டர் நீளமுள்ள ஜொகூர் ஆறு. கோத்தா திங்கி நகரம் அதன் கரையில்தான் இருக்கிறது. சிங்கப்பூருக்கு நாம் தண்ணீர் தருவதும் இந்த ஆற்றிலிருந்துதான். 1962-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுக்கலாம்; அந்த ஒப்பந்தம் 2061 வரை நீடிக்கும். ஆற்றின் அருமை தெரியாதவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கடற்கரையும் இரண்டு விதம். கிழக்கே மெர்சிங், டெசாரு பக்கம் வெண்மணலும் பாறையும். மேற்கே பொந்தியான், குக்குப் பக்கம் சேறும் அலையாத்திக் காடும். மலாய்க்காரர்கள் பாக்காவ் என்பார்கள். ஏன் இந்த வேற்றுமை? நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று, திறந்த தென்சீனக் கடலிலிருந்து பேரலைகளைக் கிழக்குக் கரையில் மோதுகிறது. அலை வேகமாக அடிக்கும் இடத்தில் சேறு தங்காது; மணல்தான் தங்கும். மலாக்கா நீரிணை சுமத்ராவின் மறைவில் அமைதியாக இருப்பதால் ஆறுகள் கொண்டுவரும் வண்டல் அப்படியே படிந்து சேறாகிறது. அந்தச் சேற்றில் வேரூன்றி நிற்கும் பாக்காவ் மரங்கள்தாம் கரையை அரிப்பிலிருந்து காக்கின்றன. தஞ்சோங் பியாய், குக்குப் தீவு, பூலாய் ஆற்று முகத்துவாரம் ஆகிய மூன்றும் 2003-ஆம் ஆண்டு முதல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக ராம்சார் பட்டியலில் இடம்பெற்றுள்ளன.

மண்ணும் மக்களும்

இப்போது ஒரு புதிர். ஜொகூரில் நம்மவர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய். இவையெல்லாம் என்ன? ரயில் நிலையங்கள்! கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரை 1909-இல் போட்டு முடித்த தண்டவாளத்தின் வரிசை இது. தண்டவாளம் ஏன் கடலோரமாகப் போகாமல் நடுவே போனது? கடலோரத்தில் பாதி நிலம் சதுப்பு. நடுவில் ஏற்ற இறக்கமான மேட்டு நிலம். மழை பெய்தால் தண்ணீர் வடிந்துவிடும் மண். ரப்பர் மரத்தின் வேர் தேங்கிய தண்ணீரைத் தாங்காது. ஆகவே ரப்பர் அங்கே வந்தது. ரப்பரோடு நம் பாட்டன் பூட்டன்மாரும் வந்தார்கள்.

கருங்கல் சிதைந்து உண்டான அந்த ஆழமான மண்ணுக்கு இந்நாட்டு மண்ணியல் அறிஞர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? "ரெங்கம் வகை மண்". ஆம், நம் ரெங்கம்தான்! வேறு மாநிலத்தில் அதே மண் இருந்தாலும் அதற்கும் ரெங்கம் என்றே பெயர். அதை மண்வெட்டியால் வெட்டித் திருத்தி, படி கட்டி, மரம் நட்டவர்களில் நம்மவர்கள் எத்தனை ஆயிரம் பேர்!

மேற்கே பொந்தியான், பத்து பகாட் பக்கம் போனால் ஊர்ப் பெயர்களே மாறிவிடும். பாரிட் ராஜா, பாரிட் சூலோங், பாரிட் ஜாவா என்று வரும். பாரிட் என்றால் வாய்க்கால். ஜாவாவிலிருந்து வந்தவர்கள் சதுப்பில் வாய்க்கால் வெட்டி, தண்ணீரை வடித்து, தென்னையும் பாக்கும் வைத்தார்கள். அங்குள்ள கரி மண் உண்மையில் மக்காத இலையும் வேரும் சேர்ந்த குவியல். தண்ணீரை வடித்தால் அது காற்றுப்பட்டு மட்கி, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டராகத் தாழ்ந்துகொண்டே போகும். அந்த மண்ணில் ஊறி வரும் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். ஆயர் ஈத்தாம், அதாவது கறுப்புத் தண்ணீர் என்று பெயர் வைத்தார்களே, சும்மாவா வைத்தார்கள்?

மாணவர்களே, ஊர்ப் பெயரே ஒரு பாடம். புக்கிட் என்றால் குன்று; பாயா என்றால் சதுப்பு; உலு என்றால் ஆற்றின் மேற்பகுதி; குவாலா என்றால் ஆறு கடலில் விழும் இடம்; பாசிர் என்றால் மணல். நம் முன்னோர் தமிழகத்தில் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்தாகப் பகுத்தார்கள். இந்நாட்டு மலாய் மக்களும் தங்கள் நிலத்தை அறிந்தே பெயரிட்டிருக்கிறார்கள். நம் தோட்டத்து ஜனங்களும் சளைத்தவர்கள் அல்லர். ஏழாங்கட்டை, மேட்டு லயன், பள்ளத்து லயன், கோயில் மேடு என்றெல்லாம் பெயர் வைத்தார்கள். ஆனால் அந்தப் பெயர்கள் எந்தப் படத்திலும் ஏறவில்லை.

ஒரு வெள்ளத்தின் கதை

இனி நான் சொல்வதாகச் சொன்ன அனுபவம். 2006-ஆம் ஆண்டு டிசம்பரில் எனக்குப் பதினைந்து வயது. எங்கள் தோட்டம் கோத்தா திங்கி மாவட்டத்தில், ஜொகூர் ஆற்றில் சேரும் ஒரு சிற்றாற்றங்கரையில் இருந்தது. குழாய்த் தண்ணீர் இல்லாத காலத்தில் கட்டிய லயன் ஆதலால் ஆற்றுக்குப் பக்கமாகவே கட்டியிருந்தார்கள். டிசம்பர் 17 முதல் 20 வரை விடாமழை. சில இடங்களில் அந்த நான்கு நாளில் மட்டும் 300 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்தது. ஆண்டு மழையில் எட்டில் ஒரு பங்கு நான்கே நாளில்! ஆற்றுத் தண்ணீர் லயனுக்குள் முழங்கால் அளவு வந்தது. நாங்கள் மேட்டிலிருந்த மண்டபத்துக்குப் போனோம். தண்ணீர் வடிந்ததும் வந்து சேற்றைக் கழுவினோம். அப்பா சுவரில் தண்ணீர் வந்த உயரத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார். வீட்டுப் பத்திரங்கள் இருந்த தகரப் பெட்டியை அந்தக் கோட்டுக்கு மேலே, அலமாரியின் இரண்டாம் தட்டில் வைத்தார். "இனிமே பயமில்லை" என்றார்.

எங்கள் லயனில் வயதான ஒருவர் இருந்தார். வேலைக்காலம் முழுவதும் கான் வெட்டியவர். நாங்கள் அவரைக் கான்வெட்டித் தாத்தா என்போம். ஜனவரியில் மழை மறுபடி பிடித்தபோது எல்லாரும் ஆற்றுப் பக்கம் போய்த் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றோம். தாத்தா வந்து சொன்னார்: "ஏம்பா எல்லாரும் ஆத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? ரோட்டுக்கு அந்தாண்ட செம்பனை நட்டிருக்கே, அது முன்ன பாயா. நாங்கதான் மூணு தடவ கான் வெட்டித் தண்ணிய எறக்குனோம். கானெல்லாம் இப்பத் தூந்து கெடக்கு. மலைத்தண்ணி எறங்குனா ஆத்துக்குப் போகாது. பழைய பாயாவுலதான் வந்து நிக்கும். அப்புறம் முதுகுப் பக்கமா வரும். புள்ளைங்கள கூட்டிக்கிட்டு கோயில் மேட்டுக்குப் போயிருங்க."

சிலர் சிரித்தார்கள். "தாத்தாவுக்கு வயசாயிருச்சு" என்றார் ஒருவர். தாத்தா கோபப்படவில்லை. தன் குடும்பத்தையும் பக்கத்து நான்கு வீட்டாரையும் அழைத்துக்கொண்டு பகலிலேயே மேட்டுக்குப் போய்விட்டார். அன்று இரவு தண்ணீர் அவர் சொன்ன வழியிலேயே வந்தது. ஆறு முன்னால் ஏற, பாயாத் தண்ணீர் பின்னால் இறங்க, நடுவில் நாங்கள். இருட்டில் தங்கையைத் தோளில் தூக்கிக்கொண்டு மார்பளவுத் தண்ணீரில் நடந்தோம். தெய்வாதீனமாக எங்கள் லயனில் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அப்பா போட்ட கோட்டுக்கு மேலே தண்ணீர் நின்றது. தகரப் பெட்டி போயிற்று. அதில் இருந்தது எங்கள் பிறப்புப் பத்திரங்கள், அப்பா அம்மாவின் திருமணப் பத்திரம், தாத்தா காலத்துத் தாள்கள். தங்கையின் பத்திரத்துக்கு மறுபடி நகல் வாங்கிச் சரிசெய்ய மூன்று ஆண்டு அலைந்தோம். அப்பா எத்தனை நாள் கூலியை இழந்தார் என்று அவர் சொன்னதில்லை.

கோத்தா திங்கி நகரத்திலும் அப்படித்தான்; ஜனவரியில் வந்த வெள்ளம் டிசம்பரில் வந்ததைவிட உயரமாக வந்தது. அவ்விரு வெள்ளங்களிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர். இதன் காரணத்தை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். முதல் மழையிலேயே மண் நிறையக் குடித்துவிட்டது. இரண்டாம் மழையை உறிஞ்ச அதில் இடமில்லை. மேலும் கோத்தா திங்கி வரை கடல் ஏற்றத்தின் தாக்கம் உண்டு. கடல் ஏறும் நேரத்தில் ஆறு தண்ணீரைக் கொட்ட இடமில்லாமல் தேங்கி நிற்கும். 2023 மார்ச்சிலும் ஜொகூரில் பெருவெள்ளம் வந்தது. பத்து பகாட் பக்கம் நிலம் தட்டையாகவும் தாழ்வாகவும் இருப்பதால் தண்ணீர் வடிய வாரக்கணக்கில் ஆயிற்று.

நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதைக் கான்வெட்டித் தாத்தா மண்வெட்டியால் தெரிந்து வைத்திருந்தார். அவர் பள்ளிக்கூடம் போனவரல்லர். சில ஆண்டுகளில் அவர் காலமானார். அவரிடம் உட்கார்ந்து கேட்டு ஒரு தாளில் எழுதி வைக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. அந்த லயன் இப்போது இல்லை. அங்கிருந்தவர்கள் பல தாமான்களுக்குப் போய்விட்டார்கள். பழைய பாயா எங்கே இருந்தது என்று அங்கே புதிதாகக் குடிவரப் போகிறவர்களுக்கு யார் சொல்வார்கள்?

நாம் செய்ய வேண்டியது

ஆகவே மாணவச் செல்வங்களே, உங்களிடம் மூன்று காரியம் கேட்கிறேன். முதலாவது, இந்த விடுமுறையில் உங்கள் வீட்டைச் சுற்றி ஒரு படம் வரையுங்கள். ஓடை எது, மேடு எது, பள்ளம் எது, தண்ணீர் வந்தால் எந்த வழியாக எந்த மேட்டுக்கு நடக்க வேண்டும் என்று குறியுங்கள். அழகாக இருக்க வேண்டும் என்பதில்லை. சரியாக இருந்தால் போதும். இரண்டாவது, உங்கள் தாத்தா பாட்டியிடம், "இந்த இடம் முன்ன என்னவா இருந்துச்சு?" என்று கேட்டு, அவர்கள் சொல்லும் பெயரை அப்படியே எழுதுங்கள். மூன்றாவது, பெற்றோர்களே, இது உங்களுக்கு: பத்திரங்களை நகல் எடுத்து, உறையில் போட்டு, எடுத்துக்கொண்டு ஓடும்படியான இடத்தில் வையுங்கள். சுவரில் உள்ள பழைய கோட்டை நம்பாதீர்கள். தண்ணீருக்கு நம் கோடு தெரியாது.

பிள்ளைகள் வரைந்து வரும் படங்களையெல்லாம் சேர்த்து ஒரு பெரிய படமாக்கி, பள்ளி நூலகச் சுவரில் மாட்டலாம் என்று தலைமையாசிரியர் இசைவு தந்திருக்கிறார். கிளிமஞ்சாரோவையும் படிப்போம், நைல் நதியையும் படிப்போம். உலகத்தைத் தெரிந்துகொள்வது கல்வியின் பெருமை. ஆனால் தன் வாசல் ஓடையின் போக்குத் தெரிந்த பிள்ளைக்குத்தான் நைல் நதியின் போக்கும் நன்றாக விளங்கும்.

இன்னொரு செய்தி சொல்லி முடிக்கிறேன். லோங்காங் என்று சொன்ன அந்த மாணவன் போன வாரம் என்னிடம் ஓடிவந்தான். "சார், அது லோங்காங் இல்ல சார். பாட்டிகிட்ட கேட்டேன். அது மேட்டுப் பக்கம் ஒரு ஊத்துல ஆரம்பிக்குதாம். அவங்க சின்ன வயசுல அதுல குளிச்சாங்களாம்" என்றான். நம் படத்தின் முதல் கோடு அந்த ஊற்றிலிருந்துதான் தொடங்கப் போகிறது.